கேள்வி கேட்கத் தெரிந்தவள்

மனம் திறந்து உரையாடத் தெரிந்த கதைமாந்தர் யார்? காஞ்சிபுரத்தோடு சேர்த்து நினைக்க வேண்டியவள் மணிமேகலை. சீத்தலைச் சாத்தனார் படைத்த இவள், வஞ்சி நகரில் ஆண் துறவி வேடத்தில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர் என ஒவ்வொருவரிடமும் போய், அவரவர் கொள்கையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதை முழுக்க அதுதான்! கண்ணால் கண்டதையே நம்புவேன் என்ற பூதவாதியோடு மட்டும் வாதிடுகிறாள்: பெற்றோர் இவர்தாம் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய்? அருமையான கேள்வி. பிறகு காஞ்சிக்கு வருகிறாள். அங்கே பஞ்சம். முதலில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தால் ஊரின் பசி தீர்க்கிறாள். அதன் பின்னரே பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் பாடம். அடிகள் விரித்துரைப்பது தருக்கம்: நல்ல வாதம் எது, போலி வாதம் எது என்று பிரித்தறியும் முறை.