மின்சாரச் சாலை – 7: மண்ணுக்குள் பாதி நிலையம்

சென்ற வாரம் மின்சாரக் காரின் பேட்டரியோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் பேட்டரிக்கு வழியில் சார்ஜ் ஏற்றும் இடம் எப்படி உருவாகிறது என்று பார்க்க, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டைக்கு அருகே இருக்கும் ஓர் உணவகத்துக்கு அடிக்கடி போய்வருகிறேன். அதன் வாகன நிறுத்தத்தில்தான் வேலை நடக்கிறது.

முதலில் போனபோது நிலையம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஜேசிபி தோண்டிய நீளப் பள்ளம், மணல் குவியல், செங்கல் அடுக்கு, கறுப்புக் கேபிள் சுற்றிய மர உருளை. "மெஷின் எப்பண்ணே வரும்?" என்று வயர்மேனிடம் கேட்டேன்.

"அது வந்தா ஒரு நாள் வேலை சார். லைன்தான் வரணும்."

உண்மைதான். பெட்ரோல் பங்க் என்றால் டேங்கர் லாரி போகும் இடமெல்லாம் நடத்தலாம். இங்கே வரப்போவது 60 கிலோவாட் சார்ஜர்கள் இரண்டு. ஏசி, மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஒன்றாக ஓடும் ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட் என்று வைத்தாலும், 24 வீடுகளின் சுமை இது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தாங்காது. அதனால் 11,000 வோல்ட் லைனிலிருந்து கிளை இழுத்து, இரட்டைக் கம்பம் நட்டு, 433 வோல்ட்டாகக் குறைக்கத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள். விண்ணப்பம், எஸ்டிமேட், மின் ஆய்வாளரின் சோதனை என்று நாட்கள் கரைவதும் இங்கேதான்.

சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, சேவை. அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற கதவு அப்போது திறந்தது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்றன 2018 டிசம்பரில் வந்த வழிகாட்டுதல்கள். நல்ல கணக்கு. ஆனால், அது சாலையின் நீளத்தை அளக்கிறது. சுமை தாங்கும் லைன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அளக்கவில்லை. செலவைத் தீர்மானிப்பதோ அந்தத் தூரம்தான்.

நான் அதிக நேரம் நின்றது எர்த் குழிகளின் பக்கத்தில். ஆளுயரத்துக்கும் மேல் ஆழமான குழி. நடுவில் துளையிட்ட இரும்புக் குழாய். சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி அடுக்கு. மேலே புனல் வைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். காய்ந்த செம்மண் அத்தனையையும் உறிஞ்சியது. பிறகு வயர்மேன் தூரத்தில் இரண்டு முளைகளை அறைந்து, எர்த்தின் தடையை அளக்கும் மெக்கரின் கைப்பிடியைச் சுற்றினார். இருக்க வேண்டியது ஒரு ஓமுக்குக் கீழ். முள் அதற்கு மேலேயே நின்றது. இன்னொரு குழி வெட்டி, இரும்புப் பட்டையால் இரண்டையும் இணைத்த பிறகே இறங்கியது.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. கார் ரப்பர் டயர்மேல் நிற்கிறது. கசியும் மின்சாரம் தரைக்குப் போக, சார்ஜர் கேபிளில் வரும் எர்த் கம்பியைத்தான் நம்ப வேண்டும். சார்ஜரும் காரும் பேசிக்கொள்ளும் சமிக்ஞை திரும்புவதும் அதே கம்பி வழியாகத்தான். எர்த் சரியில்லை என்றால் மெஷின் பிழை காட்டி நின்றுவிடும். ராத்திரியில் குழந்தைகளோடு வந்து நிற்பவருக்கு அந்தச் சிவப்பு விளக்கின் காரணம் தெரியாது. அவருக்காகத்தான் இந்தக் கரியும் உப்பும். இந்த வேலையில் காசு மிச்சம் பிடிப்பதை என்னால் மன்னிக்க முடியாது.

ஒரு குறையும் கண்ணில் பட்டது. வரைபடத்தில் இரண்டு சார்ஜர்களுக்கான கேபிள் குழாய் மட்டுமே இருக்கிறது. நாளை மூன்றாவது வைக்க, கான்கிரீட் தளத்தை உடைத்து மறுபடி தோண்ட வேண்டும். பள்ளம் திறந்திருக்கும்போதே இரண்டு காலிக் குழாய்களைப் போட்டுவைத்தால் என்ன என்று கேட்டேன். "டிராயிங்ல இல்ல சார்" என்றார் மேற்பார்வையாளர். உணவக உரிமையாளர் மட்டும் யோசித்தார். குழாய்க்கான பணத்தைத் தானே தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பத்தடிப் பள்ளத்தை, குழாய் வரும்வரை மூடாமல் வைத்திருக்கிறார்கள்.

(தொடரும்)