இரவல் அமைதி

ஒரு பெரிய மேசை. மேலே முழுக்கக் கெட்டியான கண்ணாடி. ஒரு பாதியில் கண்ணாடியை ஒட்டினாற்போல் கட்டம் போட்ட விரிப்பு. மறுபாதியில் அதே விரிப்பு சுமார் 30 சென்டிமீட்டர் கீழே இறங்கிக் கிடக்கிறது. தவழ்ந்து வரும் குழந்தையின் கண்ணுக்கு நட்டநடுவில் ஒரு பள்ளம் தெரியும். கண்ணாடி தாங்கும் என்பது அதற்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் ஒரு பொம்மை, பொம்மைக்குப் பின்னால் அம்மா.

1985-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளை இப்படித் தவழ விட்டார்கள். பொம்மையை நோக்கிக் கிளம்பிய குழந்தை விளிம்பில் நின்றது. பள்ளத்தைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா பேசக்கூடாது, முகத்தை மட்டும் காட்டலாம். மகிழ்ச்சியான முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்து போனார்கள். பயந்த முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

பள்ளத்தின் ஆழம் எல்லாருக்கும் ஒன்றுதான். அது ஆபத்தா இல்லையா என்பதைக் குழந்தைகள் அம்மாவின் முகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். வேலை போன வீட்டிலும், ஆஸ்பத்திரிக்கு அலையும் வீட்டிலும், கடன்காரர் வந்து போகும் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. வட்டி என்றால் என்ன என்று நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அப்பா செல்போனை வைத்துவிட்டு வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்பது தெரியும்.

முகத்தை மறைத்துக்கொண்டால் போதுமா? 2013-இல் ஒரேகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6 முதல் 12 மாதம் வரையிலான குழந்தைகள் அயர்ந்து தூங்கும்போது அவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். காதில் ஒரு குரலை ஒலிக்க விட்டார்கள். சொற்களுக்குப் பொருள் கிடையாது, தொனி மட்டும் மாறும். பெற்றோரிடையே சச்சரவு அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளையில், உணர்ச்சியோடும் மன அழுத்தத்தோடும் தொடர்புடைய சில பகுதிகள் கோபக் குரலுக்குக் கூடுதலாகக் கிளர்ந்தன. ‘பிள்ளை தூங்குது, அதுக்கு என்ன தெரியும்’ என்று இனி நம்மால் சொல்ல முடியாது.

இவ்வளவையும் உள்வாங்கும் மூளை, அதைத் தானே அடக்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தால் நமக்குக் கவலையில்லை. இயற்கை அப்படிச் செய்யவில்லை. மூளையின் ஆழத்தில், வாதுமைப் பருப்பு போன்ற வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அது பிறவியிலேயே ஓரளவு தயாராகிவிடுகிறது. ‘பொறு, யோசி’ என்று நிதானப்படுத்தும் முன்மூளைப் பகுதி, நெற்றிக்குப் பின்னால், இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இதயம் படபடத்து, கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரந்து, உடம்பு ஓடவும் மோதவும் முறுக்கேறி நிற்கும்போது ‘வாயை மூடு’ என்ற அதட்டல் இன்னொரு ஆபத்தாகவே பிள்ளைக்குக் கேட்கிறது. தரையில் புரண்டு கத்தும் பிள்ளை அடம் பிடிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு நிறுத்தத் தெரியவில்லை.

தனக்குள் இன்னும் விளையாத அமைதியை, விளைந்திருப்பவரிடம் பிள்ளை இரவல் வாங்குகிறது. உணர்ச்சியை ஆளும் திறமை முதலில் இரண்டு பேருக்கு நடுவில்தான் இருக்கிறது. பல நூறு முறை வாங்கிப் பழகிய பிறகே அது பிள்ளைக்குச் சொந்தமாகிறது.

இந்த இரவல் முதலில் உடம்பு வழியாகப் போகிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் குமி குரோடாவின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தாய் மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததைவிட, தூக்கிக்கொண்டு நடந்தபோது அழுகை குறைந்தது, இதயத் துடிப்பும் சட்டென்று தணிந்தது. எலிக்குட்டியைத் தாய் எலி கவ்வித் தூக்கும்போதும் இதே போன்ற அடக்கம் தெரிந்தது. தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்த நம் பாட்டிகளின் கைவசம் இருந்தது பாலூட்டிகளின் பழைய வித்தை.

இன்னொன்று தடவிக் கொடுப்பது. முடி வளரும் தோலில், மெதுவான வருடலுக்கென்றே அமைந்த நரம்பு இழைகள் இருக்கின்றன. விநாடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போதுதான் அவை நன்றாகத் துடிக்கின்றன. முதுகைத் தடவும் தாயின் கை, யாரும் சொல்லித் தராமலே அந்த வேகத்தில்தான் போகிறது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லும் உதவும். 2007-இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்து ‘இது கோபம்’ என்பதுபோல் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்தது. பெயர் வைத்த உணர்ச்சி கொஞ்சம் கைக்கு அடங்குகிறது. நம் மொழியில் இதற்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியம் உணர்ச்சியை மெய்ப்பாடு என்கிறது, அதாவது உடம்பில் தோன்றுவது. நாமும் வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது, தொண்டையை அடைக்கிறது என்கிறோம். பரீட்சை இல்லாத நாளிலும் ‘வயிறு வலிக்குது’ என்று பிள்ளை சொன்னால் அதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். குடலும் மூளையும் நரம்பால் பேசிக்கொள்பவை, வலி நிஜமாகவே இருக்கலாம். ‘பயமா இருக்கா, இல்ல கோபமா இருக்கா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

நம்மிடமே அமைதி இல்லாத நாளில் எதைக் கொடுப்பது? முதலில் நம் மூச்சைக் கவனிக்கலாம். மூச்சை வெளியே விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கிறது. நாலைந்து முறை நீளமாக மூச்சு விட்டுவிட்டுப் பிள்ளையிடம் போனால், போகிற ஆள் கொஞ்சம் மாறியிருப்பார்.

அடுத்தது, உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் காட்டிய ஓர் உண்மை. 1978-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். குழந்தை சிரித்துப் பார்த்தது, அம்மாவைத் திரும்ப அழைக்கத் தன்னால் ஆனதைச் செய்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் ட்ரோனிக் நல்ல தாய்மார்களையும் சேய்களையும் தொடர்ந்து கவனித்தபோது, இருவரும் ஒத்திசைந்திருந்தது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் தவறுவதும் திரும்ப ஒட்டிக்கொள்வதும். அறுந்த இழையை யாராவது மறுபடி முடிச்சுப் போடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தத் திரும்புதலில்தான் பிள்ளைக்கு வளர்கிறது.

அடி உதை நடக்கும் வீட்டுக்கு இந்த ஆறுதல் போதாது. அங்கே பிள்ளைக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். இந்தியாவில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

மற்ற வீடுகளில், சாயங்காலம் பிள்ளையிடம் எரிந்து விழுந்த அப்பா ராத்திரி அதன் பாயில் வந்து உட்கார்ந்தால் போதும். ‘கத்திட்டேன்பா. கடையில ஒரு கஷ்டம். உன்னால இல்ல. நாங்க பாத்துக்குறோம்.’ சொல்லிவிட்டு முதுகை மெதுவாகத் தடவட்டும். கடையின் கஷ்டம் நாளைக்கும் இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு, பார்க்க வேண்டிய முகம் திரும்பக் கிடைத்துவிட்டது.