தாமானில் ஒரு வீடு



தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே லயத்தில் பேரன் பேத்திகளையும் கண்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வாசலில் முருங்கை மரம், பின்கட்டில் கோழிக்கூண்டு, கூப்பிடு தூரத்தில் மாரியம்மன் கோயில். இத்தனை இருந்தும் அந்த வீடு நமக்குச் சொந்தமன்று. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013-ஆம் ஆண்டு முதல் 60 ஆகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் 60 வயதில் பண்ட பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவது 55 வயதில் புறப்படுவதைக் காட்டிலும் கடினமல்லவா?

தோட்டமும் என்றும் தோட்டமாகவே இருப்பதில்லை. இன்றைய ஷா ஆலாம் நகரம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டத்து மண்ணில் எழுந்த ஊர். பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் இன்று வரிசை வரிசையாக வீடுகள். அந்த மரங்களை வெட்டிப் பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு வீடு வாங்க முடிந்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே, கையில் வலுவும் மாதச் சம்பளமும் இருக்கும்போதே சொந்த வீட்டைப் பற்றிச் சிந்திப்பது நல்லது. அதில் கவனிக்க வேண்டியவை மூன்று: வேலைக்குப் போய்வரும் வழி, பணம், ஒப்பந்தப் பத்திரம்.

முதலில் வழியைப் பார்ப்போம். நம்மில் பலர் இதைத்தான் கடைசியில் பார்க்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவர் தோட்டத்தில் லாரி ஓட்டுநர். மனைவி தொழிற்சாலையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய தாமானில் மாதிரி வீட்டைப் பார்க்கப் போனார்கள். "பட்டணத்துக்கு இருபதே நிமிடம்" என்றார் விற்பனையாளர். அன்று சாலை காலியாக இருந்தது. இருபது நிமிடந்தான் ஆயிற்று. முன்பணத்தைக் கட்டிவிட்டார்கள். குடிபோன பிறகுதான் திங்கட்கிழமைக் காலை எப்படி இருக்கும் என்பது தெரிந்தது. அதே தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. தொழிற்சாலைப் பேருந்து பழைய தோட்டத்து முச்சந்தி வரைதான் வந்தது, தாமானுக்குள் வரவில்லை. அந்தம்மாள் நான்கு மணிக்கே எழுந்து சமைத்துவிட்டு, கணவரின் மோட்டார் சைக்கிளில் பழைய தோட்டத்துக்கே வந்து பேருந்து ஏறினார். அருகில் தமிழ்ப்பள்ளி இல்லாததால் மகளும் அந்த இருட்டில் அவர்களோடு வருவாள். என் வகுப்பில் இருந்த பிள்ளை அது. காலை இறைவணக்கத்தின்போதே கண் சொக்கி நிற்கும். முன்பெல்லாம் கணக்கில் முதலாவதாகக் கை தூக்கியவள்.

அவர்கள் செய்தது முட்டாள்தனமன்று. பார்க்க வேண்டிய நாளில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே, ஒரு வெள்ளிகூடக் கொடுப்பதற்கு முன் வேலை நாள் ஒன்றில் ஒத்திகை பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் புறப்படும் நேரத்தில் அந்தத் தாமானிலிருந்து புறப்பட்டு வேலையிடம் வரை போய், மாலையில் அதேபோல் திரும்புங்கள். மழை நாளில் இன்னொரு முறை பாருங்கள். பேருந்து எங்கே நிற்கிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, கொமுட்டர் நிலையம் நடக்கும் தூரத்தில் உள்ளதா என்பதைக் கடைக்காரரிடமும் அங்கே குடியிருப்போரிடமும் கேளுங்கள். விற்பனையாளரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வேலையிடம் 25 கிலோமீட்டர் தொலைவு என்றால், போய்வர 50 கிலோமீட்டர். மாதம் 26 நாள் வேலைக்கு 1,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளானால் ஏறக்குறைய 32 லிட்டர் பெட்ரோல். 12 கிலோமீட்டர் ஓடும் காரானால் 108 லிட்டர். டயர், எண்ணெய் மாற்றம், பழுதுச் செலவெல்லாம் வேறு. பயணத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் போனால் மாதத்துக்கு 52 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாள் ஆறரைக்குச் சமம். கூலியில்லாமல் ஆறரை நாள் உழைப்பது போன்றது இது. தூரத்து வீடு விலை குறைவு என்று மகிழும்போது இந்தச் செலவையும் மாதத் தவணையோடு கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது பணம். விலை 200,000 வெள்ளி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 20,000. மீதி 180,000 வங்கிக் கடன். வட்டி ஆண்டுக்கு நான்கு விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 859 வெள்ளி. 20 ஆண்டானால் 1,091 வெள்ளி. குறைந்த தவணை இனிக்கத்தான் செய்யும். ஆனால் 30 ஆண்டில் மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 309,000. 20 ஆண்டில் 262,000. வித்தியாசம் 47,000 வெள்ளிக்கு மேல்! தவணை எந்த வயதில் முடியும் என்பதையும் எண்ணுங்கள். 40 வயதில் 30 ஆண்டுக் கடன் எடுத்தால் ஓய்வு பெற்ற பிறகும் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டியிருக்கும்.

முன்பணத்துக்கு ஊழியர் சேமநிதி உதவும். 2024-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் குறைந்தவர்களின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிந்துள்ளது. வீட்டுக்காக எடுப்பது அவற்றில் 'செஜாத்தெரா' கணக்கிலிருந்து. இப்போது மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அதில் சேர்கிறது. முன்பு இரண்டாம் கணக்கில் 30 விழுக்காடு சேர்ந்தது. ஆகவே, "சேமநிதியில் நிறைய இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாக நம்பாமல், அந்தக் கணக்கில் மட்டும் எவ்வளவு உள்ளது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வாங்கும் கணவன் மனைவி இருவரும் அவரவர் கணக்கிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

இவை தவிர வழக்கறிஞர் கட்டணம், கடன் காப்புறுதி, தண்ணீர் மின்சார முன்வைப்புத் தொகை, நிலவரி, வீட்டுவரி ஆகியவையும் உண்டு. சன்னலுக்குக் கம்பி போடுவதற்கும் காசு வேண்டும். லயத்து வீட்டில் இவற்றில் பல நமக்குத் தெரியாத செலவுகள்.

மூன்றாவது, ஒப்பந்தம். கட்டி முடியாத வீட்டை மேம்பாட்டாளரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால், 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. மேம்பாட்டாளருக்கு உரிமமும், அந்தத் திட்டத்துக்கு விளம்பர விற்பனை அனுமதியும் இருக்க வேண்டும். அவற்றின் எண்கள் விளம்பரத் தாளிலேயே அச்சாகியிருக்கும். அந்த எண்களைத் தேசிய வீடமைப்புத் துறையிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் "பதிவுப் பணம்" என்று கேட்பது சட்டப்படி முறையன்று. கேட்டால் கொடுக்காதீர்கள்.

தரை வீட்டை ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டை 36 மாதங்களுக்குள். தாமதமானால், வீட்டு விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்ற கணக்கில் நாள்தோறும் இழப்பீடு சேரும். குடிபுகுந்த பிறகு சுவரில் விரிசல், கூரையில் ஒழுக்கு என்று கண்டால், சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும். அதற்கும் மசியாவிட்டால், 2002-ஆம் ஆண்டில் தொடங்கிய வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. இன்னொன்று: மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் அவருக்காக வேலை செய்பவர். உங்களுக்கென்று ஒருவரை வைத்து, பத்திரத்தை வரி வரியாகத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா என்பதைத் தவறாமல் கேளுங்கள்.

நீண்ட பயணம் என்றால் ஆபத்தும் கூடவே வருகிறது. சொக்சோ சந்தா கட்டும் தொழிலாளி வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும், வேலையிடத்திலிருந்து வீட்டுக்கும் நேர் வழியில் போகும்போது விபத்துக்குள்ளானால், அது வேலை விபத்தாகவே கருதப்படும். வழியை விட்டு விலகி வேறு காரியமாகப் போயிருந்தால் அந்த உரிமை போய்விடக்கூடும். வீடு மாறியதும் புதிய முகவரியை முதலாளியிடம் எழுதிக் கொடுங்கள். விபத்து நேர்ந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்து, மருத்துவச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

நான் சொன்ன அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர்கள் வீட்டை விற்கவில்லை. அதே தாமானில் அதே தொழிற்சாலைக்குப் போகும் இன்னும் சில பெண்கள் இருப்பதைக் கண்டுபிடித்து, எல்லாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். சில மாதங்களில் பேருந்து தாமான் முச்சந்திக்கு வந்தது. மகள் மட்டும் தந்தையோடு விடிந்த பிறகு பள்ளிக்கு வரத் தொடங்கினாள். கணக்கு வேளையில் அந்தக் கை மறுபடியும் உயர்ந்தது.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் சொன்னது பயமுறுத்துவதற்காக அன்று. கணக்குப் போட்டு இறங்கு என்பதற்காகத்தான். சொந்த வீட்டுச் சாவி நம் கையில் இருந்தால், வேலை முடிந்த நாளில் யாரும் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அந்தச் சாவிக்காக ஒரு திங்கட்கிழமைக் காலையைச் செலவிட்டு, வழியைப் பார்த்து வாருங்கள்.