மூளை அனுப்பும் தூதும் இரத்த அழுத்தமும்

“தலைவலி இல்லை, மயக்கமும் இல்லை. பிறகு எதற்காக நாள்தோறும் மாத்திரை?” இரத்த அழுத்தம் உள்ளோர் பலர் எழுப்பும் வினா இது. விடையின் ஒரு பகுதி மூளையில் இருக்கிறது.

கழுத்துத் தமனிகளிலும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை தரும் செய்தியை முகுளம் ஓயாது பெற்று, இதயத் துடிப்பையும் இரத்தக் குழாய்களின் விரிவையும் சீர்செய்கிறது. இந்த ஒழுங்குமுறையில் பங்கேற்கும் தூதுவர்களே நியூரோபெப்டைடுகள். சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்.

அவற்றுள் ஒன்று வாசோபிரசின். 9 அமினோ அமிலங்களால் ஆன இது ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் கலக்கிறது. உப்பு மிகுந்த உணவை உண்டால் தாகம் எழுகிறது. வாசோபிரசினும் சுரந்து, நீரைத் தேக்கிவைக்குமாறு சிறுநீரகத்தைப் பணிக்கிறது. நீர் மிகுந்தால் அழுத்தமும் உயரக்கூடும்.

மற்றொன்று ஆஞ்சியோடென்சின் 2. சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இதன் உருவாக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. இது குழாய்களைச் சுருக்குகிறது. மூளையைத் தூண்டித் தாகத்தையும் வாசோபிரசினையும் பரிவு நரம்புகளின் செயலையும் மிகுவிக்கிறது. குருதி இழந்தவரின் உயிரைக் காப்பதும் இதே ஏற்பாடுதான். தேவையின்றித் தொடர்ந்து இயங்கும்போது அதுவே தீங்காகிறது.

எனலாப்ரில் போன்ற மருந்துகள் ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைக் குறைக்கின்றன. லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை அதன் செயலைத் தடுக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் அத்தடை நீங்கிவிடும். ஆனால் உடல் அதை உணர்த்தாது. வலி ஏதுமின்றியே மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவை பழுதுபடும். மூளையில் செயல்படும் குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறக்கூடும்.

ஆகவே, மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டா. வறட்டு இருமல் வந்தால் தெரிவியுங்கள். மாற்று மருந்து உண்டு. கருவுற்றிருப்பவரும் கருத்தரிக்க விரும்புபவரும் முன்னதாகவே கூறுதல் இன்றியமையாதது. மேற்சொன்ன இரு வகை மருந்துகளும் கருவைப் பாதிக்கும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருப்பது நலம்; ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சமும் பதற்றமும் அழுத்தத்தை உயர்த்தும். எனவே 5 நிமிடம் அமைதியாக அமர்ந்த பின்னரே அளவிடுங்கள். அளவிடும்போது பேச வேண்டா. வீட்டிலுள்ளோர் அந்த அளவுகளைக் குறித்து வைத்து, அடுத்த முறை வரும்போது கொண்டுவந்தால் சிகிச்சைக்குப் பேருதவியாக அமையும்.