இராட்டினம் கற்பித்த பாடம்



பழவேற்காட்டு ஏரிப் பகுதியிலுள்ள சுண்ணாம்புக்குளத்தில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. நிலமும் நீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் பரந்து கிடக்கும். அங்கு வளர்ந்த எனக்கு உயரம் என்பது இன்னதென்று முதன்முதலில் உணர்த்தியது, ஆண்டுதோறும் அம்மன் திருவிழாவுக்கு வந்து நின்ற மர இராட்டினமே ஆகும்.

அதற்கு நான்கு தொட்டில்கள். பொறி ஏதும் இல்லை. இராட்டினக்காரர் கையால் தள்ளியே சுற்றுவார். ஒரு மாலை நானும் என் தம்பியும் ஒரு தொட்டிலில் ஏறி அமர்ந்தோம். அவர் உடனே சுற்றவில்லை. எதிர்த் தொட்டிலைக் கீழே கொணர்ந்து, வேடிக்கை பார்த்து நின்ற என் தந்தையாரிடம், “நீங்களும் ஏறுங்கள், ஐயா. எதிர்ப்பக்கம் ஆள் இருந்தால்தான் சுற்றுவேன்” என்றார். தந்தையார் சிரித்தார். “தோணிக்கும் இதே சட்டந்தான்” என்று சொல்லி ஏறிக்கொண்டார். நாள்தோறும் ஏரியில் வலை வீசி வாழ்ந்தவர் அவர். இறங்கியதும், “இத்தனை நாளும் ஏரியில் இருந்தேன், இன்றுதான் ஏரியைப் பார்த்தேன்” என்றார்.

அது வெறும் வியப்புரை அன்று. கணக்கும் அதையே சொல்கிறது. உலகம் உருண்டை ஆதலின் நம் பார்வை அடிவானத்தோடு நின்றுவிடுகிறது. கண்ணின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கரையில் நிற்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அவருக்கு அடிவானம் ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். 5 மீட்டர் உயரம் சென்ற தொட்டிலிலோ அது 8 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

மறு ஆண்டு வேறொருவர் இராட்டினம் கொண்டுவந்தார். கூட்டம் மிகுதி, அவருக்கோ அவசரம். அடுத்தடுத்த இரண்டு தொட்டில்களை மட்டும் நிரப்பிவிட்டுச் சுற்றத் தொடங்கினார். பாரம் மேலேறும்போது அவர் கை தளர்ந்தது. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. கீழே விழுந்தவர்களுள் என் தம்பியும் ஒருவன். அவன் வலக்கை முறிந்தது.

காரணம் என்ன? அச்சின் இருபுறமும் பாரம் சமமாக இருந்தால், ஒரு புறம் இறங்கும் எடை மறுபுறம் ஏறும் எடையைத் தூக்கிக்கொடுக்கிறது. சுற்றுபவர் உராய்வை வென்றால் போதும். ஒரு புறமே பாரம் இருந்தால், அந்த எடை முழுவதையும் அவர் கையே தாங்க வேண்டும். கைக்கு மாறாக மின்பொறி வந்துவிட்ட பின்னும் இந்த விதி மாறவில்லை.

இந்த விதியைப் பேரளவில் ஆண்டவர் ஜார்ஜ் பெர்ரிஸ் என்னும் அமெரிக்கப் பாலப் பொறியாளர். 1889-இல் பாரிஸ் நகரம் ஈபில் கோபுரத்தை எழுப்பியது. அதற்கு ஈடாக ஒன்று வேண்டுமென்று சிகாகோ கண்காட்சியினர் விரும்பினர். 1893-இல் பெர்ரிஸ் 264 அடி உயரமுள்ள சக்கரத்தை நிறுத்தினார். அதில் 36 பெட்டிகள்; பெட்டிக்கு 60 பேர். மிதிவண்டிச் சக்கரத்தைப் போலவே மெல்லிய எஃகுக் கம்பிகள் வட்டத்தை அச்சோடு இழுத்துப் பிடித்தன. முதற்சுற்றில் ஆறு முறை நின்று ஆட்களை ஏற்றி இறக்கி, மறுசுற்றில் நிற்காமல் சுழலும். உச்சியிலிருந்தவர்க்கு அடிவானம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். பெர்ரிஸ் 1896-இல் தமது 37-ஆம் வயதில் மறைந்தார். அச்சக்கரமும் 1906-இல் தகர்க்கப்பட்டது. ஆயினும் ஆங்கிலத்தில் இராட்டினம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சென்னைத் தீவுத்திடலில் ஆண்டுதோறும் நடைபெறும் சுற்றுலாப் பொருட்காட்சியில் இராட்சத இராட்டினம் ஏறியவர்கள், உச்சியில் உடல் இலேசாவதை உணர்ந்திருப்பீர்கள். வட்டத்தில் செல்லும் பொருள் எப்போதும் மையத்தை நோக்கி இழுக்கப்பட வேண்டும். உச்சியில் மையம் நமக்குக் கீழே இருக்கிறது. ஆகவே நம் எடையில் ஒரு பகுதியே அவ்விழுப்பாகச் செலவாகிறது. இருக்கை நம்மைக் குறைவாகத் தாங்கினால் போதும். ஆரம் 10 மீட்டர், ஒரு சுற்றுக்கு 20 நொடி என்று வைத்துக்கொண்டால், இக்குறைவு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் உச்சியில் 45 போலவும், அடியில் 55 போலவும் உணர்வார்.

நண்பர்களே! என் தம்பியின் கை சில மாதங்களில் கூடிவிட்டது. ஆனால் அவன் பிறகு இராட்டினம் ஏறவே இல்லை. ஏரியை உயரத்திலிருந்து மீண்டும் பார்க்கவும் இல்லை. நீங்கள் ஏறுங்கள், அஞ்ச வேண்டாம். ஏறுமுன் குறுக்குக் கம்பி பூட்டப்பட்டதா என்று பாருங்கள். நீண்ட கூந்தலையும் மேலாடையையும் முடிந்துகொள்ளுங்கள். “கொஞ்சம் பொறுங்கள், எதிர்ப்பக்கம் ஆள் ஏறட்டும்” என்று இராட்டினக்காரர் சொன்னால் சினவாதீர்கள். அவர் உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. உங்கள் உயிரைக் காக்கிறார்.