மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: தோற்றம் குறித்து முன்பே கேட்க வேண்டியவை

இந்தியப் பெண்களிடையே அதிகம் கண்டறியப்படுவது மார்பகப் புற்றுநோய். மார்பகத்தை முழுமையாக அகற்றினால்தான் உயிர் பிழைக்க முடியும் என்ற எண்ணம் பலரிடம் நிலவுகிறது. தொடக்க நிலைப் புற்றுநோயில் இது எப்போதும் உண்மையல்ல.

இத்தாலியின் மிலன் நகரில் 1973 முதல் 1980 வரை, சிறிய கட்டி இருந்த 701 பெண்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். முழு மார்பகமும் அகற்றப்பட்டவர்களும், ஒரு பகுதி மட்டும் நீக்கப்பட்டுக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் உயிர் வாழ்ந்ததாக 2002-ல் வெளியான 20 ஆண்டு முடிவுகள் தெரிவித்தன. அதே மார்பகத்தில் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு மட்டும் இரண்டாம் பிரிவினரிடம் அதிகமாக இருந்தது.

பகுதி நீக்கம்

இம்முறையில் மார்பகமும் அதன் உணர்வும் பெரும்பாலும் தக்கவைக்கப்படுகின்றன. மார்பகத்தின் அளவோடு ஒப்பிடுகையில் நீக்கப்படும் பகுதி பெரிதானால் பள்ளமோ, இரு பக்கங்களுக்கு இடையே வேறுபாடோ ஏற்படலாம். கீழ்ப்பகுதியிலும் உட்பகுதியிலும் உள்ள கட்டிகளில் இது எளிதில் வெளிப்படும். கதிர்வீச்சினால் மார்பகம் காலப்போக்கில் சுருங்கி இறுகவும் கூடும். எஞ்சிய திசுவை அதே அறுவை சிகிச்சையில் இடம்மாற்றி வடிவமைத்தால் குறைபாட்டைக் குறைக்கலாம்.

முழு அகற்றமும் மறுசீரமைப்பும்

பல இடங்களில் கட்டி இருந்தாலோ, கதிர்வீச்சு அளிக்க இயலாவிட்டாலோ முழு அகற்றம் தேவைப்படலாம். அதன் பின்னர் சிலிகான் உள்வைப்பு மூலமோ, வயிறு அல்லது முதுகுத் திசுவைக் கொண்டோ மார்பகத்தை மீண்டும் உருவாக்க முடியும். உள்வைப்புக்கான அறுவை சிகிச்சை எளிது. ஆனால், கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதைச் சுற்றியுள்ள திசு இறுகி வடிவம் மாறும் வாய்ப்பு அதிகம். சொந்தத் திசு இயல்பான தோற்றம் தரும். எனினும், அறுவை சிகிச்சை நீண்டது. திசு எடுத்த இடத்திலும் தழும்பு இருக்கும்.

காப்பீடு கிடைக்குமா?

அழகுக்கான அறுவை சிகிச்சைகளுக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு இவ்விலக்கில் சேராது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. எனினும், காப்பீட்டுத் தொகை வரம்பையும் பிற நிபந்தனைகளையும் சரிபார்ப்பது அவசியம்.

கட்டியைச் சுருக்க முதலில் கீமோதெரபி அளிக்க முடியுமா, கதிர்வீச்சு தேவைப்படுமா, மறுசீரமைப்பை உடனே செய்யலாமா என்பவற்றை அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தழும்புகள் அமையும் இடமும் பயன்படுத்தக்கூடிய திசுவும் முதல் அறுவை சிகிச்சையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன.