நுண்ணோக்கிப் பெருங்குடல் அழற்சி

நுண்ணோக்கிப் பெருங்குடல் அழற்சி என்பது பெருங்குடலின் உட்படலத்தில் ஏற்படும் ஒரு நாட்பட்ட அழற்சி நோய் ஆகும். குருதி கலவாமல், நீராகப் போகும் வயிற்றுப்போக்கு இதன் முதன்மையான அறிகுறி. அகநோக்கி வழியே பார்க்கையில் குடற்சுவர் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். சுவரிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் மட்டுமே நோய் புலப்படும். பெயர்க் காரணமும் இதுவே. குரோன் நோயிலும் புண்ணுடைய பெருங்குடல் அழற்சியிலும் காணப்படும் புண்களும் குருதிப்போக்கும் இதில் இருப்பதில்லை.

வகைகள்

இந்நோய் இரு முதன்மை வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. கொலாஜன் வகையை 1976 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் லின்ட்ஸ்ட்ரோம் விவரித்தார். இதில் மேலணிக் கலங்களுக்கு அடியிலுள்ள கொலாஜன் அடுக்கு 10 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்துவிடுகிறது. நிணநீர்க்கல வகை என்ற பெயர் 1989 இல் முன்மொழியப்பட்டது. இதில் அடுக்கு தடிப்பதில்லை. மாறாக 100 மேலணிக் கலங்களுக்கு 20 அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர்க்கலங்கள் ஊடுருவியிருக்கும். இரண்டையும் உள்ளடக்கும் பொதுப்பெயர் 1980 இலிருந்து வழக்கில் உள்ளது. இவ்வளவுகளை எட்டாமல், ஆனால் இயல்பையும் மீறி நிற்பவை முழுமையுறா வகை எனப்படுகின்றன. மூன்றுக்கும் சிகிச்சை ஏறத்தாழ ஒன்றே.

அறிகுறிகள்

அறுபது வயதை ஒட்டியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இந்நோய் மிகுதி. எனினும் இளையோருக்கும் வருவதுண்டு. நாளொன்றுக்குப் பலமுறை நீராகக் கழிதல், அடக்க இயலாத அவசரம், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, தன்னையறியாமல் மலம் கசிதல், வயிற்றுவலி, எடை குறைதல் ஆகியவை காணப்படலாம். கழிப்பறை எங்குள்ளது எனத் தெரியாத இடத்திற்குப் போக அஞ்சி, பயணத்தையும் விருந்தையும் தவிர்த்து வீட்டிலேயே முடங்கிப் போகிறவர்களும் உளர். உயிருக்கு ஆபத்தற்ற நோய் என்று நூல்கள் கூறுவது உண்மைதான். ஆனால் அச்சொற்றொடர் நோயாளியின் அன்றாடத் துன்பத்தைப் பற்றி எதையும் கூறுவதில்லை.

நோயறிதல்

குருதிச் சோதனையோ மலச் சோதனையோ இந்நோயை உறுதிசெய்வதில்லை. குடல் அழற்சியைக் காட்டும் மலக் கால்புரொடெக்டின் அளவு இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனவே பெருங்குடல் அகநோக்கியும் இழையப் பரிசோதனையும் இன்றியமையாதவை.

நடைமுறையில் தவறு நேர்வது இங்கேதான். சுவர் இயல்பாகத் தெரிகிறது என்பதற்காகத் துண்டு எடுக்காமல் விட்டுவிட்டால், அறிக்கையில் 'இயல்பு' என்றே பதிவாகும். பின்னர் நோயாளிக்குக் குடல் உறுத்தல் கூட்டறிகுறி என்ற முத்திரை குத்தப்பட்டு, மனவழுத்தமே காரணம் எனக் கூறப்படுவதும் உண்டு. இரு நிலைகளின் அறிகுறிகளும் ஒன்றோடொன்று கலந்து தோன்றுவதால் இக்குழப்பம் எளிதில் நேர்கிறது. தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, முதுமையில் புதிதாகத் தொடங்குதல், எடை குறைதல் ஆகியன குடல் உறுத்தலுக்கு அப்பால் தேட வேண்டும் என்பதற்கான அடையாளங்கள்.

எங்கிருந்து துண்டு எடுப்பது என்பதும் முக்கியமானது. கொலாஜன் தடிப்பு குடல் முழுதும் சீராகப் பரவியிருப்பதில்லை. மலக்குடலில் அது காணப்படாமலே போகலாம். ஆகையால் பெருங்குடலின் வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் துண்டுகள் எடுத்துத் தனித்தனிக் குப்பிகளில் அனுப்பப்படுகின்றன. துண்டைச் சாய்வாக வெட்டினால் மெல்லிய அடுக்கும் தடித்தது போலத் தோன்றும் என்பதால், செங்குத்தாக வெட்டப்பட்ட பகுதியிலேயே தடிப்பை அளக்க வேண்டும்.

சீலியாக் நோய் உள்ளவர்களிடம் இவ்வழற்சி மிகுந்து காணப்படுவதால், அதற்கான குருதிச் சோதனையும் செய்யப்படுகிறது. பித்த அமிலங்களால் ஏற்படும் வயிற்றுப்போக்கும் உடன் இருக்கக்கூடும்.

சிகிச்சை

முதலில் நோயாளி உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஐபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள், லான்சோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பிகள், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றுக்கு இந்நோயுடன் தொடர்பு அறியப்பட்டுள்ளது. தொடர்பு இருப்பதாலேயே அவைதாம் காரணம் என்று ஆகிவிடாது. எனினும் மருந்து தொடங்கிய காலமும் வயிற்றுப்போக்கு தொடங்கிய காலமும் ஒத்துப்போனால், மருத்துவரின் அறிவுரையுடன் நிறுத்தியோ மாற்றியோ பார்ப்பது வழக்கம். மனச்சோர்வு மருந்தைத் தானாகத் திடீரென நிறுத்துதல் கூடாது. புகைபிடித்தல் நோய்வாய்ப்பைக் கூட்டுவதால் அதைக் கைவிடுவது நல்லது.

சான்று வலுவாக உள்ள மருந்து புடெசோனைடு. நாளொன்றுக்கு 9 மில்லிகிராம் வீதம் 6 முதல் 8 வாரங்கள் கொடுக்கப்படுகிறது. இது குடலில் வெளிப்படும்படி அமைக்கப்பட்ட ஸ்டீராய்டு. உறிஞ்சப்பட்டதில் ஏறக்குறைய 90 விழுக்காடு கல்லீரலை முதன்முறை கடக்கும்போதே சிதைந்துவிடுவதால், பிரெட்னிசோலோனைவிடப் பக்கவிளைவுகள் குறைவு. ஆஸ்துமாவுக்காக மூச்சில் இழுக்கும் மருந்திலும் இதே பொருள் இருந்தாலும், அது இந்நோய்க்குப் பயன்படாது.

பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகின்றனர். ஆனால் மருந்தை நிறுத்தியபின் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது. அத்தகையோருக்குக் குறைந்த அளவில், அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும் மட்டில், நீண்டகாலம் தரப்படுகிறது. அப்போது எலும்படர்த்தியைக் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்றுக்கும் குறைவான கழிவும், நீராகக் கழிவது ஒன்றுக்கும் குறைவும் என ஒரு வாரச் சராசரி இருந்தால் நோய் தணிந்ததாகக் கொள்ளப்படுகிறது. இவ்வளவுகோல் 2009 இல் முன்வைக்கப்பட்டது.

இலேசான நிலையில் லோப்பரமைடும், பித்த அமிலச் சிக்கல் இருப்பின் கொலெஸ்டிரமைனும் உதவும். முன்பு பரவலாக எழுதித்தரப்பட்ட மெசலசீனை 2021 இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. புடெசோனைடுக்கு இணங்காத சிலருக்கு அசாத்தியோபிரின், அடாலிமுமாப், வெடோலிசுமாப் போன்றவை தரப்படுகின்றன. அறுவை மிக அரிது. மலம் பெருங்குடலை எட்டாதவாறு சிறுகுடலை வயிற்றுச் சுவர் வழியே திருப்பிவிடும்போது அழற்சி தணிவதும், மீண்டும் இணைத்தபின் திரும்புவதும் பதிவாகியுள்ளன. இந்நோய் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்பதால், அதன்பொருட்டு மீண்டும் மீண்டும் அகநோக்கிச் சோதனை செய்ய வேண்டியதில்லை.